கொரொபி

இருந்தவர்கள்: விடுதிக்காரி விஜயகுமாரி, டெம்போவில் செடி கொண்டுவந்த நர்சரிக்காரர் மொண்டல், தோட்ட வேலைக்கு வந்த ஸ்ரீதர், வேலிக்கு வெளியே நான்கு ஆடுகள். எந்தச் செடி வேண்டும் என்பதில் ஆடுகளுக்கு மட்டும்தான் தெளிவு இருந்தது. போன முறை வைத்த செம்பருத்தியை மூன்றே நாளில் மொட்டையடித்திருந்தன.

ஸ்ரீதர் ஐஸ் ஃபேக்டரியில் ஆறு வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, ஒருநாள் போதும் என்று வெளியே வந்தவன். அந்தமானில், வண்டூரில் விஜயகுமாரி புதிதாகக் கட்டிய விருந்தினர் விடுதியில் இந்த மாதம் அவன் வேலை பிடித்துப்போனால் நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் ஃபேக்டரி, மறுபடியும் ராத்திரி.

உப்புக்காற்றையும் ஆட்டையும் தாங்குவது அரளிதான் என்று வந்த அன்றே சொன்னான். "விருந்தாளி வர்ற இடத்துல அரளியா? அரைச்சுக் குடிக்கவா?" என்று விஜயகுமாரி அவன் வாயை அடைத்துவிட்டாள்.

இப்போது மொண்டல் இறக்கிய பைகளில் பூவும் இல்லை, இலையும் இல்லை. வெட்டிவிட்ட குச்சிகள்.

"இது என்ன தாதா?" என்றாள், அண்ணன் என்கிற மரியாதையில்.

"கொரொபி, தீதி. பக்ரீ நஹீ காயேகா." ஆடு தின்னாதாம்.

"கொரொபி! பேரே அழகா இருக்கே. முப்பது எறக்குங்க. நீயும்தான் இருக்கியே ஸ்ரீதர், அரளி அரளின்னு."

ஃபேக்டரியில் பாதிப்பேர் பெங்காலிகள். கொரொபி என்றால் என்னவென்று ஸ்ரீதருக்குத் தெரியும். பேசாமல் நட்டால் வேலை நிச்சயம். ஆனால் குழந்தைகள் வந்து தங்கும் இடம்.

"அக்கா, கொரொபின்னா அரளிதான். பெங்காலில சொல்றாரு."

மொண்டல் ஆடுகளைப் பார்க்கத் தொடங்கினார்.

"ரெண்டு பேரும் சேந்து என்னை உல்லு ஆக்கப் பாத்தீங்களா?" முட்டாளாக்கப் பார்த்தார்களாம்.

"சேந்திருந்தா சொல்லியிருப்பேனா?"

அவள் யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "சரி, வேலியோரமா வை. வாசல்ல புள்ளைங்க கை படும், அங்க வேணாம்."

"அங்க இட்லிப்பூ."

"யாராவது கேட்டா கொரொபின்னு சொல்லு."

"விஷம்னும் சொல்வேன்."

"சொல்லு, சொல்லு. நீதான் வாய மூடுற ஆளா!"

ஐந்து மணிக்குள் பதினெட்டு நட்டுவிட்டான். வெளிச்சம் சரிந்தது. மிச்சத்தையும் முடித்துவிடுகிறேன் என்றான்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வா. இனிமே தெனமும் ஏழுதான். இப்பப் போய்த் தூங்கு." மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, அவனை வெளியே தள்ளி, வேலிக்கதவைச் சாத்திப் பூட்டினாள்.