ஊமத்தை வேரில் காய்த்த கத்தரிக்காய்

கத்தரிச் செடி வெயில் தாங்காது. ஒரு பூச்சி வந்து முறைத்தால் உயிரை விட்டுவிடும். ஊமத்தைக்கு அந்தச் சொகுசெல்லாம் கிடையாது. எங்கள் கொல்லைக் குப்பைமேட்டில் யாரும் கேட்காமலே தழைத்து நின்றது. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்று எங்கோ படித்திருந்தேன். ஒரு முனிசிபல் குமாஸ்தா விஞ்ஞானி ஆவதற்கு அது போதாதா? ஊமத்தைத் தண்டை வெட்டி, கத்தரிக் கிளையைச் செருகி, வாழைநாரால் கட்டினேன். ஒட்டிக்கொண்டது.

சாகாத கத்தரிச் செடி ஒன்று உருவாகிறது என்று தெரு முழுக்கச் சொன்னேன். அடியில் இருப்பது ஊமத்தை என்பதை மட்டும் சொல்லவில்லை. ஊமத்தை தின்றால் புத்தி பேதலிக்கும் என்பது மதுரையில் குழந்தைக்கும் தெரியும். வேரின் விஷம் காய்க்கு ஏறுமா ஏறாதா என்று தெரிகிறவரை காயைப் பறிப்பதில்லை என்று வைத்திருந்தேன். எப்படித் தெரியவரும் என்று யோசிக்கவில்லை. இதை வீட்டில் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி பாலாம்பாள் பூத்தட்டோடு வந்தாள்.

"ஏன்னா, உங்க கத்தரிச் செடி அடியில ஊமத்தம்பூ பூத்திருக்கு. இன்னிக்குப் பிரதோஷம். ஈஸ்வரனே கேட்டு வாங்கிண்டாப்பல இருக்கு."

"செடியில இருந்த காய் எங்கே?"

"முதல் காய்ப்பை நாமளே திங்கப்படாதோன்னோ. பட்டாபிராமன் மாமா ஆத்துல குடுத்துட்டு வந்தேன். ஜானு எண்ணெய்க் கத்தரிக்காய் கேட்டாளாம்."

ஜானு அவர் பெண். பிள்ளைத்தாச்சி. வாந்தியில் துரும்பாய் இளைத்துப்போய், சோறு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டது இதைத்தான்.

ஓடினேன். பட்டாபிராமன் மாமா பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். என் தோட்டத்தை வைத்தே தெருவைச் சிரிக்க வைப்பவர். அவரிடம் உண்மையைச் சொன்னால் ஆயுசு முழுக்க அந்தச் சிரிப்பைக் கேட்டாக வேண்டும். எனவே வழியிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்தேன். அபாரமான பொய் என்றுதான் அப்போது பட்டது.

"மாமா, எங்க பெரியப்பா காலமாயிட்டார். தீட்டு. எங்காத்துக் காயை நீங்க சேத்துக்கப்படாது. குடுத்துடுங்கோ."

வாசல் நாற்காலியில் இருந்தவர் மெதுவாக எழுந்தார். "அடடா. ஆனா பச்சைக் காய்க்கு ஏதுடா தீட்டு? உனக்குத்தான் தீட்டு. குளிச்சியோ?"

"இல்லை மாமா."

"அப்ப படி ஏறாதே. அங்கேயே நில்லு."

நின்றேன். தீட்டுக்காரன் எந்த அடுக்களைக்குள் நுழைய முடியும்? என் பொய் என்னைத்தான் வாசலில் கட்டிப்போட்டது. உள்ளிருந்து எண்ணெய்க் கத்தரிக்காய் வாசனை வந்தது. அதன் பின்னாலேயே மாமாவின் மனைவி ஸ்யாமளா மாமியின் குரல்: "ஜானு, இலை போட்டாச்சு. சூடா ஒரு வாய் சாப்பிடுடி."

போதும் என்றாகிவிட்டது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

"மாமா, யாரும் சாகலை. அந்தக் காய் ஊமத்தை வேர்ல காய்ச்சது" என்று சொல்லிக்கொண்டே அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

ஜானு சோற்றைப் பிசைந்து கையில் எடுத்திருந்தாள்.

"அதைக் கீழே போடு, ஜானு."

"ஒரே ஒரு வாய், அண்ணா."

"அரை வாய்கூடக் கிடையாது."

இலையை இழுத்துச் சுருட்டினேன். அடுப்படியில் இருந்த வாணலியையும் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைக் குழியில் கவிழ்த்து, மண்ணைத் தள்ளி மூடினேன். திரும்பி வந்தபோது ஜானு அழுதுகொண்டிருந்தாள். பயத்தில் அல்ல, பசியில்.

மாமா சிரிக்கவில்லை. "விஷம் நிஜமாவே காய்க்கு ஏறியிருக்குமா?"

"தெரியாது மாமா."

"தெரியாமலா பிள்ளைத்தாச்சி இலையைப் பிடுங்கினே?"

"தெரியாததாலதான் பிடுங்கினேன்."

"காய்க்கு ஏறித்தோ இல்லியோ, ஒட்டுக் கட்டினவன் மூளைக்கு ஏறியிருக்கு" என்றார்.

ஜானு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இன்னிக்கே கத்தரிக்காய் வேணும்."

வீட்டுக்குப் போய்ச் செடியை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தேன். காய்க்காரி சீனியம்மாள் முன்னால் குந்தி ஒவ்வொரு காயாகப் புரட்டினேன்.

"ஏன் சாமி, கத்தரிக்கா வாங்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா? இம்புட்டு நேரமாப் பொரட்டுறீக."

"இது எதுல காய்ச்சது?"

"கத்தரிச் செடியிலதேன். வேற எதுல காய்க்கும்?"

"அடியில?"

"அடியில மண்ணு இருக்கு சாமி" என்றாள், பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியபடி.

மாமி மறுபடி சமைத்தாள். இந்த முறை இரண்டு இலை போட்டாள். "முதல்ல நீ சாப்பிடு, சீதாராமா. உன்னைக் கொஞ்ச நேரம் பாத்துட்டுத்தான் அவளுக்கு."

மாமாவும் மாமியும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜானுவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நான் முதல் கவளத்தை விழுங்குவதற்குள் தன் இலைக்கு வாணலியை இழுத்துக் கவிழ்த்துக்கொண்டு பாதியைத் தின்றிருந்தாள்.