மில்லிமீட்டர் தோற்ற தாள்

ஜெயித்தது அவள்தான். தலைமை எடிட்டர் அறிவித்ததும் இசைக் குறிப்புகள் அச்சிடும் அந்த அச்சகமே கைதட்டியது.

ஒரு பெரிய இசை நாடகம் முழுவதையும் அச்சுக்குத் தயாரிக்கும் பொறுப்பு. ஒருவருக்குத்தான் கிடைக்கும். அதற்காகத்தான் போட்டி. இசையமைப்பாளர் கையால் எழுதிய ஒரு வயலின் பகுதியை இருவரும் ஒரே சாஃப்ட்வேரில் அச்சுத் தாளாக்க வேண்டும். பெயரில்லாத இரண்டு பிரின்ட் அவுட்டில் நல்லதை எடிட்டர் தேர்ந்தெடுப்பார். எதிராளி, அவளுடைய கணவன்.

ஆபீஸில் அவனுக்குப் பெயர் மில்லிமீட்டர். கல்யாண ஆல்பத்தில் படம் கோணலாக இருக்கிறதென்று பிரித்து ஒட்டியவன்.

அவன் தோற்ற தாளைச் சும்மாதான் எடுத்துப் பார்த்தாள். மூன்றாவது வரியில் கண் நின்றது. ஸ்வரப் புள்ளிகளுக்கு மேலே வில்லாக வளைந்து போக வேண்டிய கோடு, ஒரு புள்ளியை அறுத்துக்கொண்டு போயிருந்தது. சாஃப்ட்வேர் தானாகப் போட்ட கோடு. மவுஸால் ஓர் இழுப்பு இழுத்தால் விலகியிருக்கும். கீழே இன்னொன்று. அடுத்த பக்கத்திலும்.

நேற்றுச் சேர்ந்தவர்கள்கூட விடாத பிழை. மில்லிமீட்டர் விட்டிருக்கிறான்.

வாழ்த்த வந்தவர்களை விலக்கிக்கொண்டு அவன் மேஜைக்குப் போனாள்.

"இது என்ன?"

"அவசரத்துல விட்டுட்டேன்மா."

"அவசரமா? நீங்களா?"

மானிட்டரைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினான். கடைசியில் கக்கிவிட்டான். தோற்றால் அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவாள். தனக்கு இந்தப் பொறுப்பு பெரிதில்லை. விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தானாம்.

"பிச்சை போட்டியா எனக்கு?" குரல் உயரவில்லை. அதனாலேயே பக்கத்து மேஜைகள் அடங்கின. "உன்னைவிட நல்லா செய்வேனா, மாட்டேனான்னு தெரிஞ்சுக்கத்தான் உக்காந்தேன். அதையும் நீயே முடிவு பண்ணிட்ட."

சமாதானம் பேச வந்த எடிட்டரிடம் முடிவு செல்லாது என்றாள். கணவனின் நாற்காலியை மானிட்டர் பக்கம் திருப்பினாள். ஒழுங்காகச் செய்யாமல் எழுந்தால் இன்றைக்கு வீட்டுக் கதவு திறக்காது என்றாள்.

செய்தான். பிரின்ட் வந்ததும் தன் தாளுக்குப் பக்கத்தில் அவளே வைத்தாள். குறை தேடினாள். கோடுகளில் இருவரும் சமம்தான். பக்கத்தின் அடியில் கண் போனபோது நின்றுவிட்டாள். அவளுடைய பக்கம் வேகமான ஓட்டத்தின் நடுவில் முடிந்தது. இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது வயலின்காரர் எப்படித் தாள் புரட்டுவார்? அவனோ மேல் வரிகளை இம்மி இம்மியாக நெருக்கி, ஓய்வு வரும் இடத்தில் பக்கத்தை முடித்திருந்தான்.

ரெண்டாம் தடவை செய்ததால் வந்தது என்றார் எடிட்டர்.

"பத்து தடவை செஞ்சாலும் எனக்கு இது தோணியிருக்காது. அவருக்கே குடுங்க சார்."

பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான்.

"பேசாத," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. "அந்த வரிகளை எங்கேயிருந்து நெருக்க ஆரம்பிச்ச? அதை மட்டும் சொல்லு."