தோட்டத்துச் சேதி

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் சாலைக்குளத்து ஜனங்கள் யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. கோயில் வாசலில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கிருபைராஜ் நிற்பார். கையில் நாலு பக்கத்துக்கு அச்சடித்த தாள் இருக்கும். மேலே ‘தோட்டத்துச் சேதி’ என்று கொட்டை எழுத்து, அதற்குக் கீழே புகை விடும் கப்பல். பினாங்குப் பக்கம் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி அதை நாகப்பட்டினத்தில் அடித்து ஊர் ஊராக இனாமாகக் கொடுத்து வந்தது. கிருபைராஜ் அந்தக் கம்பெனிக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறவர். பாளையங்கோட்டையில் ஆபீஸ் வைத்திருந்தார்.

முன்பக்கத்தில் என்ன இருக்கிறதென்று யாரும் கேட்பதில்லை. கடைசிப் பக்கத்துக்குத்தான் காத்திருப்பார்கள். தோட்டத்துக்குப் போனவர்கள் எழுதிய கடுதாசிகள் அங்கேதான் வரும்.

சாரம்மாளின் புருஷன் வேதமுத்து பனையேறி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில் மழை பொய்த்தபோது கப்பலேறிப் போனான். கையெழுத்துப் போடுவதற்கு மேல் அவனுக்கு எழுத வராது. அதனால் ஆறு மாதம் கழித்து அந்தத் தாளில் அவன் கடுதாசி வந்தபோது, ஆபீஸ் குமாஸ்தா யாரோ கேட்டு எழுதியிருப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். மூன்று வேளையும் அரிசிச் சோறு, காய்ச்சல் வந்தால் டாக்டர் துரை வீடு தேடி வருகிறார், கூலியைக் கம்பெனியே பத்திரமாக வைத்திருந்து ஊருக்குத் திரும்பும்போது மொத்தமாகத் தரும் என்றெல்லாம் அதில் இருந்தது. முடிவில் ஒரு வரி: ‘வெள்ளைக்காது ஆடு இரண்டு குட்டி போட்டது என்று கேட்டு மனம் குளிர்ந்தேன்.’

அந்த வரியைக் கேட்டதும் சாரம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆடு குட்டி போட்டது ஊரில் நாலு பேருக்குத்தான் தெரியும்.

அடுத்த மாதம் கிருபைராஜ் தாளை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். புருஷன் கடுதாசியைப் பெண்சாதி வாசித்தால்தான் அழகு என்றார். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவள். நிறுத்தி, நிதானமாக, வாய்நிறைய வாசிப்பாள். கோயில் வாசலில் வாசித்தது போதாதென்று ஆற்றுப் படித்துறையில் பெண்கள் கேட்பார்கள். அங்கேயும் வாசித்தாள். அவள் முகத்தில் இருந்த களை, எந்தக் கோட்டுக்காரன் பேச்சிலும் இல்லாத களை. ஒன்றரை வருஷத்தில் அந்தச் சின்ன ஊரிலிருந்து இருபத்திமூன்று பேர் கிளம்பினார்கள். அதில் ஒருவன் அவள் கூடப்பிறந்த தம்பி ஜெபகனி. அவனுக்குத் தயக்கம் இருந்தது. சாரம்மாள்தான், அத்தான் இருக்கிற இடத்தில் உனக்கு என்ன பயம் என்று சொல்லி, திருநெல்வேலி ஸ்டேஷன் வரை போய் ரயிலேற்றிவிட்டு வந்தாள்.

பதினொன்றாம் வருஷம் ஆவணி மாதம், ஒரு மத்தியானம், மேலப்பாளையத்து ஷேக் மைதீன் அவள் வீட்டைத் தேடி வந்தார். தோட்டத்துக்குப் பக்கத்தில் சில்லறைக் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். வேதமுத்துவின் ஞானஸ்நானச் சீட்டு.

“இதையாவது ஒங்கிட்ட சேக்கணும்னு வச்சிருந்தேன் தங்கச்சி. வருசம் ரெண்டாவப் போவுது. நீ மனசத் தேத்தியிருப்பேன்னு நெனச்சேன்.”

எதைத் தேற்றுவது என்று அவளுக்குப் புரியவில்லை. உள்ளே போய்ப் போன மாதத்துத் தாளை எடுத்து வந்து அவரிடம் காட்டினாள். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அவளே வாசித்தாள். நான் நல்ல சுகம், நம் ஊர்க்காரர் எல்லாரும் வந்தால் ஒரு தெருவே நமக்கென்று ஆகும் என்று வாசித்துக்கொண்டே வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

ஷேக் மைதீன் தாளை அவள் கையிலிருந்து வாங்கி மடித்துக் கீழே வைத்தார்.

“போய்ச் சேந்த நாலாம் மாசமே குளிர்காய்ச்சல்ல போயிட்டாரும்மா. டாக்டரும் இல்ல ஒருத்தரும் இல்ல. குழியில மண்ணு தள்ளுனதுல நானும் ஒருத்தன்.”

சாரம்மாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். நாலாம் மாதம். முதல் கடுதாசி வந்தது ஆறாம் மாதம். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. இத்தனை நாளும் தான் வாசித்தது யாருடைய கடுதாசி என்ற ஒன்றுதான் தலைக்குள் ஓடியது.

மறுநாள் காலையில் பாளையங்கோட்டைக்கு நடந்தாள். கிருபைராஜ் அவளை உட்காரச் சொன்னார். சீட்டை மேஜைமேல் வைத்து அவள் கேட்டதும், கொஞ்சம் அதிர்வார், மழுப்புவார் என்று நினைத்திருந்தாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார், அவ்வளவுதான். கம்பெனிக்கு எப்போதோ தெரியும் என்றார். துக்கச் சேதியை அச்சுப் போட்டால் கப்பலில் யார் ஏறுவார்கள் என்று கேட்டார்.

“ஒனக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன் சாரம்மா? ஒன்றரை வருசம் தாலியோட, சந்தோசமா இருந்தியா இல்லியா? அவன் உசுரோட இருந்தா என்ன எழுதியிருப்பானோ அதத்தான் நான் எழுதுனேன்.”

“ஆடு குட்டி போட்டது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீதான சொன்ன.”

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் நினைவு வந்தது. ஒவ்வொரு மாதமும், வேதமுத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா, ஆபீஸ் தபாலோடு சேர்த்து அனுப்புகிறேன் என்று அவர் கேட்பார். அவள் வீட்டுக் கதையெல்லாம் சொல்வாள். அவர் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். அவள் வாயிலிருந்து எடுத்ததையே அவளுக்கே திருப்பிக் கொடுத்து, அதை ஊருக்கும் வாசிக்க வைத்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கோயில் வாசலில் நின்று நடந்ததைச் சொன்னாள். சீட்டைக் காட்டினாள். ஷேக் மைதீனும் கூட வந்து சொன்னார். ஊர் ஒப்பாரி வைக்கும் என்று எதிர்பார்த்தாள். பாக்கியவதிதான் முன்னால் வந்தாள். அவள் மூத்த மகன் தோட்டத்தில் இருந்தான், இளையவன் அடுத்த வாரம் கிளம்புவதாக இருந்தது.

“போன மாசம் நீதான வாசிச்ச? சுகமா இருக்காவன்னு நீதான சொன்ன? ஒன் வாயால கேட்டுத்தான எம்மவன அனுப்புனேன். இப்பம் வந்து செத்துட்டாவன்னு சொல்லுத. அப்பம் சொன்னது பொய்யா, இது பொய்யா?”

வேறு கம்பெனிக்காரன் ஆள் பிடிக்க இந்தக் கடைக்காரரை ஏவிவிட்டிருக்கிறான் என்று ஒருவர் சொன்னார். சீட்டைத் திருடியிருக்கலாமே என்று இன்னொருவர் சொன்னார். அடுத்த தாளில் அதுவே அச்சாகி வந்தது: ‘எதிரிக் கம்பெனிகளின் ஆட்கள் பொய் மரணச் செய்திகளைப் பரப்பி வருகிறார்கள், ஜனங்கள் உஷார்.’ பாக்கியவதியின் இளைய மகன் சொன்ன தேதியில் ரயிலேறினான்.

அந்தத் தாள் வந்த வாரத்தில் சாரம்மாள் கருப்பட்டி விற்கப் பாளையங்கோட்டைச் சந்தைக்குப் போயிருந்தாள். புளியமரத்தடியில் கும்பல் கூடியிருந்தது. நடுவில் அவள் முன்பின் பார்த்திராத ஒருவன் ‘தோட்டத்துச் சேதி’யை உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். சாலைக்குளத்துக்கு வந்த தாள் அல்ல இது. மற்ற ஊர்களுக்கென்று கடைசிப் பக்கத்தை மாற்றி அடித்திருந்தார்கள்.

‘நான் சாலைக்குளம் சாரம்மாள். என் புருஷனோடு வாழப் பினாங்குக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இவர் இறந்துவிட்டதாகச் சொன்னவர்கள் இப்போது இவரை வந்து பார்க்கட்டும்…’

கருப்பட்டிப் பெட்டி அவள் தலையிலிருந்து இறங்கியது. எப்படி இறக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கும்பலை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

“நான்தான்யா அந்த சாரம்மாள். இங்கனதான் நிக்கேன்.”

வாசித்தவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். சாரம்மாள் என்று ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள் என்றான். கும்பலில் ஒரு பெரியவர், கோபமில்லாமல், புத்தி சொல்கிற மாதிரியே சொன்னார்: “அச்சுல வந்திருக்கு தாயி. அவ அங்கன இருக்கான்னு போட்டிருக்காவ. நீ வந்து நான்தான்னா யாரு நம்புவா?”

அவள் தன் கைகளைப் பார்த்தாள். கருப்பட்டிப் பிசுக்கு ஒட்டிய, உயிரோடிருக்கிற கைகள். நிற்கிற இடத்திலேயே தான் இல்லாமல் போனதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு அவள் ஊர் ஊராக நடந்தாள். தாள் வாசிக்கிற இடமெல்லாம் போய் நின்றாள். தெரிந்தவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் அவரை அழைத்து, நான் யாரென்று சொல்லும் என்பாள். சில ஊர்களில் சிரித்தார்கள். கொங்கராயகுறிச்சிப் பக்கம் கல்லெடுத்து எறிந்தார்கள். இரண்டு வருஷத்தில் ஏழு குடும்பம் கப்பலேறாமல் மூட்டையை அவிழ்த்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள்.

பதின்மூன்றாம் வருஷம் ஜெபகனி திரும்பினான். எலும்பும் தோலுமாக இருந்தான், ஆனால் உயிரோடு இருந்தான். இருபத்திமூன்று பேரில் அதுவரை ஒன்பது பேர்தான் திரும்பியிருந்தார்கள். இரண்டு நாள் கஞ்சி குடித்துத் தெளிந்த பிறகு, அத்தான் செத்தது உனக்கு எப்போது தெரியும் என்று சாரம்மாள் கேட்டாள்.

“போய் எறங்குன வாரமே தெரியும். அன்னைக்கே எழுதிக் கொடுத்தனே அக்கா. அத்தான் இல்ல, ஒருத்தரையும் அனுப்பாதேன்னு. மூணு கடுதாசி எழுதி ஆபீஸ்ல கொடுத்தேன். ஒண்ணுகூட வரலியா?”

அவன் பெயரிலும் அந்தத் தாளில் மூன்று கடுதாசி வந்திருந்தது. அத்தானும் நானும் ஒரே வரிசை வீட்டில் இருக்கிறோம், சித்தப்பா பிள்ளைகளையும் அனுப்பி வை என்று இருந்தது. மூன்றையும் படித்துறையில் நின்று வாசித்தவள் அவள்தான். சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேரும் போனார்கள். அவர்கள் இன்னும் திரும்பவில்லை.

“வந்தது,” என்றாள்.

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் கஞ்சிக் கலயத்தை நீட்டியபடி, அக்கா என்னக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.