பின்சந்து ஜெனரேட்டர்

பிரிக்பீல்ட்சில் அந்த ஜெனரேட்டரைத் திட்டாத ஆள் கிடையாது. டயாலிசிஸ் மையத்தின் பின்சந்தில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் சமையல்கட்டுக்கு நேர் எதிரே, பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டிக்குள் அது உட்கார்ந்திருந்தது. வாரத்துக்கு ஒருமுறை சோதனைக்காகக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்கே கடைக்காரர் கரண்டியும் கையுமாக வெளியே வந்து, சாம்பாரெல்லாம் டீசல் வாசம் அடிக்கிறது என்று சத்தம் போடுவார். மைய நிர்வாகி சுகுமாறன் கையெடுத்துக் கும்பிட்டு, "உசுரு காக்குற சாமான், பாஸ். கொஞ்சம் பொறுத்துக்குங்க லா" என்பார். அந்த நாட்களில் அவர் சொன்னதில் பொய் இல்லை.

சுகுமாறன் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸ் வியாபாரிகள் சேர்ந்து நடத்திய அறக்கட்டளையின் மையம் அது. சிறுநீரகம் கெட்டுப்போன ஏழைகளுக்கு ரத்தம் சுத்திகரித்துக் கொடுப்பார்கள். முடிந்தவர்கள் முடிந்ததைக் கொடுக்கலாம். எட்டு மெஷின்கள் இருந்தன. அவற்றுக்காகக் காத்திருந்தவர்களோ மையத்தின் வாசலைத் தாண்டி வரிசை நிற்கும் அளவுக்கு இருந்தார்கள்.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருத்தி சீதாலெட்சுமி. சுங்கை பூலோவில் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமைத்தவள். அவள் புருஷன் சின்னையா செலாயாங் மொத்த மார்க்கெட்டுக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவர். லோரியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, "எடம் ஏதாச்சும் காலி ஆச்சாண்ணே?" என்று கேட்பார். கேட்டுவிட்டு உடனே தலையைக் குனிந்துகொள்வார். அங்கே ஒரு நாற்காலி காலியாவது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டவருக்கும் தெரியும், பதில் சொல்ல வேண்டியவருக்கும் தெரியும். "இன்னும் இல்ல, சின்னையா" என்று சொல்லிச் சொல்லியே சுகுமாறனுக்கு வாய் புளித்துப்போயிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஜைத் வந்தான். மின்சார வியாபாரத்தைப் போட்டிக்குத் திறந்துவிட்ட பிறகு முளைத்த கம்பெனிகளில் ஒன்றின் ஆள். நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பின்சந்துக்குப் போய் ஜெனரேட்டரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"வருசம் பூரா இது தூங்குது, அங்கிள். தூங்குறதுக்குக் காசு வாங்கித் தரேன்."

"புரியல, தம்பி."

"முன்னல்லாம் ஒரே ஆளு கரண்டு செஞ்சான், அவனே வித்தான். திடீர்னு தேவைப்படும்னு சில கரண்டு ஸ்டேசன சும்மா நிறுத்தி வச்சிருப்பான். இப்ப போட்டி. சும்மா நிக்கிற ஸ்டேசனுக்கு எவன் காசு குடுப்பான்? மூடிட்டாங்க. ஆனா வெயில் நாள்ல எல்லாரும் ஏர்கோன் போட்டா கரண்டு பத்தாது. அப்ப நான் மெசேஜ் போடுவேன். நீங்க சொந்த ஜென்செட்ல ஓட்டிக்கிட்டா, நீங்க எடுக்க வேண்டிய கரண்டு மிச்சம். அந்த மிச்சத்த நாங்க மார்க்கெட்ல விப்போம். உங்களுக்குப் பங்கு."

தாதியர் தலைவி லோகேஸ்வரி கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "அப்ப நெசமாவே ஊர்ல கரண்டு போச்சுன்னா?"

"அப்பவும் அது உங்களோடதுதான் மிஸ்ஸி. ஓடிக்கிட்டுத்தானே இருக்கும்?"

"ஓடிக்கிட்டே இருந்தா களைச்சுப் போயிராதா?"

"மெஷினு மிஸ்ஸி, மனுசனா களைக்கிறதுக்கு?" என்று ஜைத் சிரித்தான். சுகுமாறனும் சிரித்தார். லோகேஸ்வரி சிரிக்கவில்லை.

அறக்கட்டளைக் கூட்டத்தில் தலைவர் திருச்செல்வத்துக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. ஜவுளிக்கடை நடத்துகிறவர், விற்ற துணியைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று கடையில் எழுதியே போட்டிருப்பவர். "ஜெனரேட்டர விக்கிறோம், ஆனா அது நம்ம சந்த விட்டு நகராது. அம்பது வருச யாவாரத்துல இப்படி ஒரு யாவாரத்த நான் பாத்ததில்லப்பா" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். வருகிற பணத்தில் இரண்டு மெஷின் கூடுதலாகப் போடலாம் என்று சுகுமாறன் கணக்குக் காட்டினார். யாரும் கேள்வி கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டவர் சுகுமாறன்.

கூடுதல் மெஷின்கள் வந்து இறங்கின. ஜன்னலோரத்து நாற்காலி சீதாலெட்சுமிக்குக் கிடைத்தது. முதல் நாள் அவள் வீட்டிலிருந்து பூப்போட்ட போர்வை ஒன்றைக் கொண்டுவந்து போர்த்திக்கொண்டு, "இங்க இவ்ளோ குளிரா இருக்கும்னு யாருமே சொல்லலியே அண்ணே" என்று குறைப்பட்டாள். அதற்குள் அவளுக்குக் குறைப்பட உரிமை வந்துவிட்டதில் சுகுமாறனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சில மாதங்களில் முகத்தின் வீக்கம் வடிந்தது. மற்ற நோயாளிகளிடம் மீன்குழம்புக்குப் பக்குவம் சொல்ல ஆரம்பித்தாள், அவர்கள் யாரும் அதைச் சாப்பிடக்கூடாது என்று தெரிந்தே.

ஜைத்தின் மெசேஜ் எப்போதாவதுதான் வரும். வந்தால் மதியத்துக்குப் பிறகு சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும், கடைக்காரர் கரண்டியோடு வருவார், சுகுமாறன் கும்பிடுவார். அவ்வளவுதான். ஊரிலேயே சுலபமான சம்பாத்தியம் இதுதான் என்று அவரே நினைக்கத் தொடங்கிவிட்டார்.

பிறகு அந்த வெயில் வந்தது. மழை எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. தார்ச்சாலை செருப்பில் ஒட்டியது. பள்ளிக்கூடங்களைக்கூட மூடினார்கள். கிள்ளானிலிருந்து செலாயாங் வரை ஒவ்வொரு வீட்டிலும் ஏர்கோன் இரைந்தது. ஜைத்தின் மெசேஜ் தினமும் வந்தது. முதல் நாள் போனது, இரண்டாம் நாள் போனது. அதற்குப் பிறகு ஜெனரேட்டரின் சத்தமே மாறிவிட்டது. கரகரவென்று, சளி பிடித்த மாதிரி.

"இன்னிக்கு வேணாம்னு சொல்லிடுங்க சார்" என்றாள் லோகேஸ்வரி. "ரிப்பேர்காரன் வந்து பாக்கட்டும்."

சுகுமாறன் ஜைத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். முடியாது என்று அவன் சொல்லவில்லை. "விலகலாம் அங்கிள். ஆனா கூப்பிட்டப்ப வரலன்னா இந்த வருசப் பங்கு போயிரும். உங்க இஷ்டம்." பங்கு போனால் கூடுதல் மெஷின்களை மூட வேண்டும். மூடினால் ஜன்னலோரத்து நாற்காலியும் போய்விடும். சுகுமாறன் தலையைத் திருப்பி, போர்வைக்குள் அரைத்தூக்கத்தில் இருந்த சீதாலெட்சுமியைப் பார்த்தார். போனை எடுத்து, சரி என்று பதில் போட்டார். அவள் நல்லதுக்கென்று நினைத்துத்தான் போட்டார், அதை நான் மறுக்கவில்லை.

அன்று பிற்பகலில் ஊர் முழுக்கக் கரண்டு போனது. மையத்தில் யாருக்கும் தெரியவே இல்லை. இங்கேதான் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறதே. சின்னையாதான் முதலில் பார்த்தார். அன்றைக்கு லோரி ஓட்டமில்லை என்று மனைவிக்குத் துணையாக வந்திருந்தார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "மோனோரயிலு நடுவுலயே நின்னுக்கிட்டு இருக்கு பாருங்க" என்றார். சாலை விளக்குகள் செத்துக் கிடந்தன. கார்கள் ஒன்றை ஒன்று முட்டுவதுபோல் நெருக்கிக்கொண்டு நின்றன. உள்ளே பத்து மெஷினும் சீராகச் சுற்றின, குளிர் குறையவில்லை. "நம்ம சாமான் இருக்குல்ல" என்று சுகுமாறன் பெருமையாகச் சொன்னார். சொன்ன வாய்க்கு அடுத்த கால்மணி நேரத்தில் தண்டனை வந்தது.

பின்சந்தில் டமார் என்று ஏதோ வெடித்தது. ஆவி பீறிட்டு அடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. விளக்குகள் அணைந்தன, மெஷின்கள் ஒரே குரலில் அலறத் தொடங்கின. சுகுமாறன் பின்கதவைத் திறந்து ஓடினார். பச்சைப் பெட்டிக்கு அடியில் கொதிக்கும் தண்ணீர் சாக்கடைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் கரண்டியோடு நின்றார், திட்டவில்லை.

கரண்டு போனால் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு பேட்டரி கொஞ்ச நேரம் பம்ப்பை ஓட்டும். அதற்குள் ரத்தத்தை உடம்புக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். பேட்டரியும் போனால் மெஷினின் பின்னால் மாட்டியிருக்கும் கைப்பிடியை எடுத்துப் பம்ப்பில் பொருத்திக் கையாலேயே சுற்ற வேண்டும். பத்து நோயாளிகள், மூன்று தாதியர். "சொந்தக்காரங்க எல்லாம் வாங்க! நான் சொல்ற மாதிரி சுத்துங்க!" என்று லோகேஸ்வரி கத்தினாள். கடைக்காரர்கூடக் கரண்டியை எறிந்துவிட்டு வந்து ஒரு மெஷினைப் பிடித்துக்கொண்டார்.

ஜன்னலோரத்து மெஷினின் பேட்டரி எடுத்த எடுப்பிலேயே செத்துவிட்டது. அதை அந்தக் குழப்பத்தில் யாரும் கவனிக்கவில்லை. லோகேஸ்வரி அங்கே வந்து சின்னையாவின் கையில் கைப்பிடியைக் கொடுத்தபோது குழாயில் ரத்தம் நகராமல் கறுத்திருந்தது.

"சுத்துங்க அண்ணே. நிதானமா. நிறுத்தாம."

சின்னையா சுற்றினார். லோரி ஸ்டீயரிங் பிடித்த கை. முதலில் சுலபமாகச் சுற்றியது, பிறகு கனத்தது, பிறகு கல்லில் மாட்டியதுபோல் நின்றுவிட்டது. "போவ மாட்டேங்குது மிஸ்ஸி" என்று அவர் குழந்தை மாதிரி சொன்னார். ரத்தம் குழாயிலேயே உறைந்துபோயிருந்தது. லோகேஸ்வரி குழாயைக் கிளிப் போட்டு அடைத்துத் துண்டித்தாள். குழாயில் இருந்த அவ்வளவு ரத்தமும் வீணானது. சீதாலெட்சுமிக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. "குளிரல இப்ப" என்றாள். ஆம்புலன்சுக்குப் போன் போகவில்லை. சின்னையா அவளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு சாலையில் இறங்கினார். அவர்களை ஏற்றிக்கொண்ட சுகுமாறனின் கார் ஆஸ்பத்திரி வரைக்கும் போகவே இல்லை, விளக்கில்லாத சந்திப்பில் நான்கு பக்கமும் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அந்த நெரிசலிலேயே அவள் போய்விட்டாள். மற்ற ஒன்பது பேரும் பிழைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து ஜைத் வந்தான். முகம் செத்திருந்தது. பெரிய மின்நிலையம் ஒன்று அன்று திடீரென்று நின்றுபோய்விட்டதாம். அதைத் தாங்கிப் பிடிக்கக் கையிருப்பு என்று ஏட்டில் இருந்ததெல்லாம் இப்படிப் பின்சந்துகளில் நின்ற ஜெனரேட்டர்கள்தானாம். அவற்றை நாள் கணக்காக ஓட்டி ஏற்கெனவே தீர்த்துவிட்டிருந்தார்கள்.

"ஊருக்கு ஸ்பேரும் அதுதான், உங்களுக்கு ஸ்பேரும் அதுதான். ரெண்டு பக்கமும் ஒரே சாமானத்தான் நம்பியிருந்தோம் அங்கிள்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. சுகுமாறனுக்கு அவனை அடிக்கவும் தோன்றவில்லை, ஆறுதல் சொல்லவும் தோன்றவில்லை.

திருச்செல்வம் போனில் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். "அந்தம்மாவுக்கு ஹார்ட்டு வீக்கு. கேக்குறவங்ககிட்ட அத மட்டும் சொல்லு. ஜெனரேட்டர் பேச்ச எடுத்தீன்னா மையத்தையே இழுத்து மூடிருவானுங்க, இருக்குறவங்களும் தெருவுல நிப்பாங்க." அதில் உண்மையும் இருந்ததுதான் கொடுமை. கேட்டவர்களிடமெல்லாம் சுகுமாறன் ஹார்ட்டு வீக் என்றே சொன்னார்.

கருமாதி முடிந்த பிறகு சின்னையா வந்தார். ஐஸ் போட்ட பிளாஸ்டிக் டப்பாவை மேசைமேல் வைத்தார். "அவளுக்கு ரத்தம் ஊறுறதுக்குன்னு வாங்குன ஊசி. மிச்சம் இருக்கு. யாருக்காச்சும் ஆவும்" என்றார். அவர் எழுந்து போய்விட வேண்டுமே என்று சுகுமாறன் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். அவர் போகவில்லை. வலது கையை விரித்து மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். வீட்டுல யாருகிட்டயும் கேக்க முடியல."

"கேளுங்க."

"நான் சரியாத்தானே சுத்துனேன்? வேகமா சுத்திட்டேனா, இல்ல மெதுவா சுத்திட்டேனா? மத்தவங்க சுத்துனதெல்லாம் ஓடுச்சே. அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரரு சுத்துனதுகூட ஓடுச்சு. என் கையில மட்டும் ஏன்ணே நின்னுபோச்சு?"

ஹார்ட்டு வீக் என்ற பதில் சுகுமாறனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதே நேரம் மேசைமேல் இருந்த போன் அதிர்ந்தது. பழக்கத்தில் குனிந்து பார்த்தார். ஜைத்தின் கம்பெனி, ஆள் யாரும் எழுதாமல் தானாகவே வருகிற மெசேஜ். வாழ்த்துகள் என்று தொடங்கியது. கரண்டு போன அந்த நாளில், கூப்பிட்ட நேரம் தொடங்கி முடியும் வரை, உங்கள் மையம் வெளிக் கரண்டு ஒரு யூனிட்கூட எடுக்கவில்லை. உங்கள் செயல்பாடு நூற்றுக்கு நூறு. உங்கள் பங்கு கணக்கில் சேர்ந்துவிட்டது. நன்றி.

சுகுமாறன் அதை இரண்டு தடவை படித்தார். ஊரே இருட்டில் கிடந்ததும், சீதாலெட்சுமியின் மெஷின் நின்றதும், எல்லாமே அந்த நூறுக்குள் சேர்ந்திருந்தது. எதிரே சின்னையாவின் உள்ளங்கை இன்னும் விரிந்தே கிடந்தது. இந்த மனுஷன் சாகிற வரைக்கும் இந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார் என்று சுகுமாறனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க சரியாத்தான் சுத்துனீங்க. நீங்க கைய வைக்கிறதுக்கு முன்னாலயே ரத்தம் உறைஞ்சுபோச்சு. உங்க கை மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்புறம் யாரு மேலண்ணே?"

"எம்மேலதான். நான் ஜெனரேட்டர வித்துட்டேன், சின்னையா."

சின்னையாவுக்கு விளங்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவரையே பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து, பின்கதவின் கண்ணாடி வழியே சந்துக்குள் எட்டிப் பார்த்தார். புது ரப்பர் குழாய் மாட்டிய பச்சைப் பெட்டி, வெயிலில், எப்போதும்போல் உட்கார்ந்திருந்தது. துக்கத்தில் இவருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பி வந்து சுகுமாறனின் தோளில் அதே வலது கையை வைத்து, ஆறுதலாகவே சொன்னார்.

"இல்லண்ணே. அது அங்கேயேதான் இருக்கு."