ஓநாய் வீட்டு வாசல்

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் பிள்ளைகள், மோஹாக் முன்னோர்கள் பல குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்த மாதிரி ஒரு நீள்வீட்டைக் கட்டி முடித்திருந்தார்கள். அந்தக் காலத்து வீட்டில் கால் பங்குகூட வராது. ஆனாலும் கம்பு வளைத்ததும், எல்ம் மரப்பட்டை போர்த்தியதும், கூரையில் புகை போக ஓட்டை விட்டதும் ஒழுங்காகத்தான் இருந்தன. வாசலுக்கு மேலே ஓநாய்த் தலை ஒன்றை வரைந்து மாட்டியிருந்தார்கள். அது மட்டும் பார்க்க நாய் மாதிரி இருந்தது.

கம்பு வளைத்துக் கொடுத்தவர் எல்வுட். வாலிபத்தில் நியூயார்க்கில் உயரமான கட்டடங்களில் இரும்பு ஏற்றியவர். பள்ளிக்கூடம் என்றாலே அவருக்கு ஆகாது. அவர் படித்த காலத்தில் தாய்மொழியான மோஹாக் பேசினால் விரல் முட்டியில் அடித்தார்கள். இப்போது மோஹாக் பேசினால் சட்டையில் நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். அடித்தவர்களையும் அவர் நம்பவில்லை, ஒட்டுகிறவர்களையும் நம்பவில்லை.

அப்படிப்பட்டவர் வந்தது மார்லிக்காக. மார்லி அவருடைய மகன் வழிப் பேத்தி, ஒன்பது வயது. மகன் கைல், மோஹாக் அல்லாத வெளியூர்க்காரியான டானாவைக் கட்டிக்கொண்டு நகரத்திலேயே கிடந்துவிட்டு, போன கோடையில்தான் ஆற்றங்கரை ஊருக்குத் திரும்பி வந்திருந்தான். வகுப்பில் இன்னும் யாரும் மார்லியை ஊர்ப்பிள்ளையாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. "எங்க தாத்தா வந்து பழைய கிராமத்தப் பத்திச் சொல்லித் தருவாரு" என்று அவள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தாத்தா வந்து நின்றால் தானும் ஊர்ப்பிள்ளை ஆகிவிடலாம் என்பது அவள் கணக்கு. எல்வுடுக்கு அது தெரியும். தெரிந்துதான் வந்தார்.

வகுப்பு டீச்சர் வெர்னா. எல்வுடின் செத்துப்போன மனைவிக்குத் தங்கை.

"மச்சான், ஒரு நாள் எப்படிப் போகும்னு காட்டுங்க, போதும். பொண்ணுங்க சோளம் இடிக்கட்டும், பையனுங்க விறகு கொண்டு வரட்டும். பிரசங்கம் வேணாம்."

"எனக்குப் பிரசங்கம் தெரிஞ்சா நான் ஏன் இரும்பு தூக்கப் போறேன்?"

வெர்னா சிரித்துவிட்டு சோளக் கஞ்சி அண்டாவைப் பார்க்கப் போனாள். பிள்ளைகளின் அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள்.

எல்வுட் வாசலில் நின்றுகொண்டார். பிள்ளைகளை வரிசையாக வரச் சொன்னார். ஒவ்வொன்றையும் நிறுத்தி, "நீ எந்த வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். குலம் அம்மா வழியாகத்தான் வரும் என்பதால் அம்மாவின் குலத்தைச் சொல்ல வேண்டும். ஓநாய் என்றால் வீட்டுப் பிள்ளை, நேரே உள்ளே போய் அடுப்போரம் உட்காரலாம். கரடி, ஆமை என்றால் விருந்தாளி. விருந்தாளிக்குத்தான் முதல் கிண்ணம் கஞ்சி. பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. ஒரு குண்டுப் பையன், "நான் கரடி, எனக்கு ரெண்டு கிண்ணம்" என்றான்.

"கரடிக்கு ரெண்டு கிண்ணம் எதுக்குடா? நானும் கரடிதான். குளிர்காலம் பூராத் தூங்கத்தானே போற?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எல்வுடுக்கு அந்தச் சிரிப்பு இனித்தது. பள்ளிக்கூடத்தில் அவர் பேச்சுக்கு யாரும் சிரித்ததில்லை.

கடைசியாக மார்லி வந்தாள். தலையைச் சீவிப் பின்னி, பாட்டியின் மணி மாலையைப் போட்டிருந்தாள்.

"நீ எந்த வீட்டுப் பிள்ளை?"

"ஓநாய், தாத்தா."

அத்தோடு விட்டிருக்கலாம். வேறு எவனாக இருந்தாலும் விட்டிருப்பான்.

"யாரு சொன்னது?"

"அப்பா ஓநாய்தானே."

"அப்பா ஓநாய்னா நீ எப்படி ஓநாய் ஆவ? அம்மா எந்த வீடு?"

"அம்மா டவுன்."

"டவுன்னா டொராண்டோதானே? டொராண்டோன்னு எங்ககிட்ட ஒரு குலம் இல்லையே. அது என்ன மிருகம்? நாலு காலா, ரெண்டு காலா?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குண்டுப் பையன் கஞ்சியைத் துப்பினான். அந்தச் சிரிப்பு போதாதென்று எல்வுட் இன்னும் ஒரு படி ஏறினார். "அந்தக் காலத்துல சண்டையில புடிச்சிட்டு வர்றவங்களுக்கும் வீடு கிடையாது. யாராவது எடுத்துக்கிற வரைக்கும் வெளியதான் நிக்கணும். போ, அந்த விறகுகிட்ட நில்லு."

மார்லி போய் நின்றாள். விளையாட்டில் இதுவும் ஒரு வேஷம் என்றுதான் முதலில் நினைத்தாள். முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது. உள்ளேயிருந்து ஒருத்தி, "ஏய் கைதி, விறகு எடுத்துட்டு வா" என்று கத்தினாள். இன்னொருத்தன், "கைதி, கைதி" என்று தாளம் போட்டான். மார்லியின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. எல்வுட் அதைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், கையில் பிஸ்கட் தட்டோடு, டானா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

வெர்னா கரண்டியோடு வந்தாள். குரல் உயரவில்லை.

"மச்சான், இது யாரு வீடு?"

"ஓநாய் வீடு."

"நீங்க?"

"கரடி."

"அப்புறம் இந்த வீட்டுக்குள்ள எப்படி வந்தீங்க?"

வெர்னா பதிலுக்கு நிற்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "சொல்லுங்க. கரடிக்காரரு ஓநாய் வீட்டுக்குள்ள எப்படி வருவாரு?"

"கல்யாணம் கட்டிக்கிட்டு!" என்று பிள்ளைகள் ஒன்றாகச் சொன்னார்கள். அந்தப் பாடம் போன வாரமே முடிந்திருந்தது.

"வீடு யாருது?"

"பொம்பளைங்களுது!"

"கட்டிக்கிட்டு வந்த ஆம்பளை, வாசல்ல நின்னு, யாரு உள்ள வரலாம் யாரு வரக்கூடாதுன்னு சொல்லலாமா?"

"கூடாது!"

"சொன்னா?"

"அவரு மூட்டைய வெளிய வைப்பாங்க!"

மறுபடியும் அதே சிரிப்பு. இந்த முறை அவருக்கு. அம்மாக்களும் சிரித்தார்கள், சிலர் வாயைப் பொத்திக்கொண்டு. எல்வுடின் காது மடல்கள் சுட்டன. முறை தெரிந்த ஆள் என்று கூப்பிட்டார்கள். அவர் அந்த முறையைக் கொண்டே ஒரு குழந்தையை அடித்தார், அதையும் தப்பாக அடித்தார். ஒருத்தியை எடுத்துக்கொள்வதோ வெளியே நிறுத்துவதோ அந்த வீட்டுப் பெண்கள் பேசி முடிவெடுக்கிற காரியம். முப்பது வருஷம் ஓநாய்க்காரியோடு குடும்பம் நடத்தியவருக்கு இது தெரியாதா? தெரியும். நாலு பிள்ளைகளின் சிரிப்புக்காக மறந்துபோயிற்று.

வெர்னா மார்லியிடம் போனாள். "உள்ள வாம்மா. என் பக்கத்துல உக்காரு."

"வேணாம் டீச்சர். வெளையாட்டு முடியற வரைக்கும் நான் கைதிதானே" என்றாள் மார்லி. விறகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அங்கேயே நின்றாள். கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தபோது நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். விருந்தாளி மாதிரி.

தினமும் சாயங்காலம் தாத்தாவின் வண்டியில் வருகிறவள் அன்று அம்மாவோடு போனாள்.

எல்வுட் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்த வெர்னாவிடம் போனார். "குளிர்காலச் சடங்குல குலத்துப் பேர் வைக்கும்போது மார்லியையும் உங்க குலத்துல சேத்துக்கோங்க. ஓநாய் வீட்டுப் பொம்பளைங்ககிட்ட நீ பேசு."

"நான் எப்படிப் பேசறது? அவ அம்மா வந்து கேக்கணும். வந்தா பேசுவோம். எல்லாரும் சரின்னு சொல்லுவாங்களான்னு எனக்குத் தெரியாது."

"அவ வரமாட்டா."

"இன்னிக்குக் கேட்டதுக்கு அப்புறம் நானா இருந்தாலும் வரமாட்டேன்."

இருட்டுவதற்கு முன் மகன் வீட்டுக்குப் போனார். கைல் வேலைக்குப் போயிருந்தான். டானா கதவைத் திறந்து, வழிவிட்டு நின்றாள். மார்லி மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"டானா, வெர்னாவப் போய்ப் பாரும்மா. நீ கேட்டா மார்லிக்கு ஒரு குலம் கெடைக்கும். உங்க டொராண்டோ ஆளுங்களுக்கு இதெல்லாம் புரியாது, ஆனா..."

"நான் ஹாமில்டன், மாமா" என்றாள் டானா. "கல்யாணத்தன்னிக்கே சொன்னேன். அப்புறமும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன்."

எல்வுடுக்கு அந்தச் சமையலறையில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பார்க்கிற இடமெல்லாம் அந்தப் பெண்ணின் வீடாக இருந்தது.

"கேக்கறதா வேணாமான்னு மார்லிதான் சொல்லணும்" என்றாள் டானா.

மார்லி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அத அப்புறம் சொல்றேன்," என்றாள். "தாத்தா, நாளைக்கு ஸ்கூலுக்கு வராதீங்க."

"வரல."

"அடுத்த வாரமும்."

"சரிம்மா."

டானா ஒரு கோப்பை காப்பி கொண்டுவந்து வைத்தாள். எழுந்து போய்விடத்தான் அவருக்கு ஆசை. முன்னால் வைத்ததைக் குடிக்காமல் போவது அதைவிடக் கேவலம் என்பதால் உட்கார்ந்தார். குனிந்தபடி, சுடச்சுட, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.