நோன்பு என்று சொன்னார்கள்

கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசிய நர்ஸ் மிஸ்ஸிக்குத் தமிழ் அரைகுறை. வெறும் வயிறு என்று சொல்ல வாயில் வார்த்தை வரவில்லை. முஸ்லிம் பெயரைப் பார்த்துவிட்டு, "வாப்பாவ நோன்பு புடிச்சு வரச் சொல்லுங்க" என்றாள். மாம்புரியில் றிஸ்மியா அதை அப்படியே தன் வாப்பா லத்தீபிடம் சொன்னாள்.

லத்தீபின் நுரையீரலில் புற்றுக்கட்டி. அது அங்கேயே நின்றிருந்தால் அறுத்து எடுக்கலாம்; வேறெங்கும் பரவியிருந்தால் இயலாது. அதைப் பார்க்கத்தான் இந்த ஸ்கேன்.

லத்தீப் முறைப்படி நோன்பு பிடித்தார். விடியுமுன் எழும்பி சஹர் சாப்பிட்டார்: சோறு, மீன் ஆணம், கடைசியில் தேங்காய்ப்பாலில் பிசைந்த வாழைப்பழம். பிறகு நோன்பு நோற்பதாக மனதில் நிய்யத்து வைத்துக்கொண்டு, கொழும்பு போகும் வான் வண்டியில் ஏறினார்.

ஸ்கேன் எடுப்பவன் யசோதரன், உடப்பு என்ற இந்துக் கிராமத்துக்காரன்.

"ஒண்டும் சாப்பிடல்லத்தானே, நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"நோன்பு, தம்பி."

விரலில் குத்தி இரத்தத்தைப் பார்த்தான். சீனி சரியாக இருந்தது. ஊசியை ஏற்றினான்.

அதில் இருந்தது கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை. புற்றுக்குச் சர்க்கரைப் பசி அதிகம். அது தின்னும் இடத்தில் இந்தச் சர்க்கரையும் சேரும். சேர்ந்த இடத்திலிருந்து பாசிட்ரன் என்ற நுண்துகள் வெளிவரும். அது ஓர் எலெக்ட்ரனைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, நேரெதிர்த் திசைகளில் இரண்டு கதிர்கள் பாயும். உடம்பைச் சுற்றி நிற்கும் வளையம் அந்த இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்து, இடையே ஒரு கோடு போட்டுக்கொள்ளும். இப்படி இலட்சக்கணக்கான கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ, அங்கேதான் சர்க்கரை.

சர்க்கரை உடம்பில் பரவும்வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். யசோதரன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

"குடிங்க நானா."

"நோன்போட தண்ணியா? உங்கட உடப்புல அப்படியா புடிக்கிற?" லத்தீப் சிரித்தார்.

யசோதரனும் சிரித்தான். சட்டென்று நிறுத்தினான். "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"சஹருக்குத்தான். வயிறு முட்ட."

ஏற்றியதைத் திருப்பி எடுக்க வழியில்லை. சாப்பிட்டுச் சில மணித்தியாலம்வரை இன்சுலின் ஊறிக்கொண்டிருக்கும். ஊறிய இன்சுலின் தசைகளுக்குள் சர்க்கரையைத் தள்ளிவிடும். இரத்தத்தில் சீனி சரியாக இருந்ததும் அதனால்தான். புற்றுக்குப் போகவேண்டிய பங்கை அன்று தசைகள் தின்றன. திரையில் தோள், முதுகு, தொடை எல்லாம் சர்க்கரை சேர்ந்து கறுத்துக் கிடந்தன. கட்டி மங்கல். பரவியிருக்கிறதா என்று சொல்ல அந்தப் படத்தால் முடியவில்லை.

இரண்டு மணித்தியாலத்துக்குள் வீரியம் பாதியாகிவிடும் மருந்து அது. சேர்த்து வைக்க முடியாது. காத்திருப்போர் வரிசையும் நீளம். மறுமுறை இடம் கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று.

இம்முறை லத்தீப் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. தசைகள் வெளிறி, படம் தெளிவாக வந்தது. நுரையீரலில் கட்டி. ஈரலில் இரண்டு புள்ளிகள்.

டொக்டர் றிஸ்மியாவைத் தனியே கூப்பிட்டு, இனி அறுப்பதில் பயனில்லை என்றார்.

"மொத ஸ்கேன் சரியா வந்திருந்தா, டொக்டர்? அப்ப இது இருந்திச்சா?"

"அந்தப் படத்தை வச்சு ஒண்டும் சொல்லேலாது, மகள். இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

வெளியே மர வாங்கில் உட்கார்ந்து லத்தீப் காத்திருந்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"அறுக்கேலாதாமா?"

"ஓம் வாப்பா."

"அண்டைக்கு நான் சஹர் சாப்பிட்டதாலயா?"

"சே, இல்ல வாப்பா. டொக்டர்ட்ட கேட்டன். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம்" என்றாள் றிஸ்மியா.