ஜக்கெற்றைப் புதைத்தவள்

மேசை நடுவில் கண் துடைக்கிற ரிஷ்யூப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டுத்தான் ஹெலன் கூட்டத்தைத் தொடங்கினார். போன மாதம் வாசித்த நாவலில் மூன்று தலைமுறை கோதுமை வயலுக்காகச் சண்டை பிடித்தது. அதற்கு யாரும் பிஸ்கற்றுக்கு மேல் எதுவும் வைக்கவில்லை. இந்த மாதம் உண்மைக் கதை, ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே எழுதியது, ஆகவே அழவேண்டி வரும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். ஸ்காபரோ நூலகத்தின் பின்னறையில் மாதத்துக்கு ஒரு செவ்வாய் மாலை கூடுகிற வாசகர் வட்டம் அது. இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கும் கனடாக்காரரை மட்டும்தான் வாசிப்பார்கள். அங்கே நான் ஒருத்திதான் தமிழ். நாலு பேர் கதைக்கிற இடத்தில் போய் இருந்தால் வாய் திறக்கும் என்று என் இங்கிலிஷ் வகுப்பு ரீச்சர் அனுப்பிவைத்தார். காது திறந்துவிட்டது. வாய் இன்னும் பிஸ்கற்றுக்குத்தான் திறக்கிறது.

புத்தகத்தை எழுதிய பெண்ணின் கணவன் சின்ன விமானம் ஓட்டுகிறவன். வடக்கே ஏரிகளுக்கு மேலாகப் பறந்து போனவன் திரும்பி வரவில்லை. விமானமும் இல்லை, உடலும் இல்லை. அவள் ஆறு வருடம் பார்த்திருந்துவிட்டு ஒருநாள் சவப்பெட்டி வாங்கி, அதற்குள் அவனுடைய குளிர் ஜக்கெற்றை மடித்து வைத்துப் புதைத்துவிட்டாள். நான் அகராதியும் கையுமாக மூன்று கிழமை வாசித்தேன். விளங்காத இடங்களை என் மகள் கரோலின் விளங்கப்படுத்தினாள். பதினைந்து வயது, அகராதியைவிட வேகம், பொறுமை மட்டும் கிடையாது.

அழுகை வரும் என்று நானும் பயந்துதான் வாசித்தேன். வரவில்லை. பல்லுப் பிடுங்கப்போனால் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் பக்கம் பக்கமாகத் தொட்டுப் பார்த்தேன். ஏனென்றால் எனக்கும் ஆறு வருடம். தொண்ணூறாம் ஆண்டு கொழும்புக்கென்று வெளிக்கிட்ட என் மனுசன் நீக்கிலாஸை வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள் என்று கூட வந்தவர் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நானும் மகளும் இங்கே வந்து சேர்ந்தோம். இதை வாசகர் வட்டத்தில் நான் சொல்லவில்லை. அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும், பிறகு ரிஷ்யூப் பெட்டி நிரந்தரமாக என் பக்கத்தில் வந்துவிடும்.

வருகிற சனிக்கிழமை இறந்தவர்களின் திருநாள். எங்கள் தமிழ்ப் பூசையில் அன்றைக்குச் செத்தவர்களின் பெயர்களைச் சொல்லுவார்கள். பெயர் கேட்டதும் அந்த வீட்டிலிருந்து ஒருவர் எழும்பிப்போய்ப் பீடத்தில் மெழுகுதிரி கொளுத்த வேண்டும். நீக்கிலாஸின் தம்பி அகஸ்ரின் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"மச்சாள், இந்த முறையாவது அண்ணைன்ர பேரைக் குடுப்பம். மோட்சம் போகாமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில கிடந்தால் ஆர் செபிக்கிறது? நாங்கள்தானே?"

"உயிரோட இருந்தால்?"

அகஸ்ரின் கதவுப் பிடியில் கை வைத்தார். "செவ்வாய் ராத்திரிக்குள்ள சொல்லுங்கோ. ஃபாதருக்குச் சொல்லவேணும்."

வருடா வருடம் மார்கழியில் புனித நீக்கிலாஸ் திருநாளன்று அவருடைய சுகத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறவள் நான். சுகத்துக்குக் கொடுத்த அதே ஆளுக்கு ஆத்துமப் பூசை கொடுப்பது எப்படி? உயிரோடு இருந்தால் அது சாபம். செத்திருந்தால் இவ்வளவு காலமும் நான் செய்ததுதான் கொடுமை. இரண்டையும் நினைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் நெஞ்சு அசையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது பின்னறையில், இந்தக் கேள்வியைத்தான் ஐந்தாறு பேர் தேநீரும் கையுமாக அலசிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டக், அவள் அவசரப்பட்டுவிட்டாள் என்றார். பெட்டியை மண்ணுக்குள் இறக்கியதன் மூலம் அவள்தான் கணவனைக் கொன்றாள் என்றும் சொன்னார். ஹெலன் அதற்குத் தலையை ஆட்டி மறுத்தார். அது பெரிய துணிச்சல், அந்த அத்தியாயத்துக்காகவே புத்தகத்துக்குப் பரிசு கொடுக்கலாம் என்றார். மூலையில் இருந்த பெண்ணுக்குப் புத்தகத்தில் ஏரி கூடிப்போச்சாம், பாதி ஏரியை வெட்டியிருக்கலாமாம். சிரித்தார்கள். ரிஷ்யூப் பெட்டி கை மாறியது. ஒருவர் மூக்கைச் சிந்தினார். நான் பிஸ்கற்றை உடைத்து, உடைத்ததைத் திரும்ப உடைத்துக்கொண்டிருந்தேன்.

"யூஜினி, உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று ஹெலன் கேட்டார். எல்லோருடைய முகமும் திரும்பியது.

எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். ஜக்கெற்றைப் புதைத்திருக்கக் கூடாது. அங்கே சரியான குளிர். வந்தால் அந்த ஆள் எதைப் போடுவான்?

ஹெலன் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு, எவ்வளவு அழகான வாசிப்பு, ஜக்கெற்றை நம்பிக்கையின் குறியீடாக நான் யோசிக்கவே இல்லை என்றார். டக்கும் ஆமோதித்தார். நான் குறியீடு ஒன்றும் சொல்லவில்லை. ஜக்கெற்றைத்தான் சொன்னேன். ஆனால் பாராட்டுகிறவர்களோடு சண்டை பிடிக்கிற அளவுக்கு என்னிடம் இங்கிலிஷ் இல்லை.

எங்கள் வீட்டு வாசல் அலுமாரியிலும் ஒன்று தொங்குகிறது. வந்த முதல் குளிர்காலத்தில் பழைய உடுப்புக் கடையில் எடுத்தது. நீலம், உள்ளே கம்பளி. அவருக்குத் தோள் அகலம் என்று ஒரு சைஸ் கூட்டி எடுத்தேன். குளிர் தொடங்க முன்னம் ஒவ்வொரு வருடமும் பல்கனியில் காயவிட்டு, திரும்பப் பிளாஸ்ரிக் உறை போட்டு மாட்டுவேன். கரோலின் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றைக்கு இரவு நான் வீட்டுக்கு வந்தபோது அவள் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"என்ன சொன்னவை? புத்தகம் பிடிச்சதாமா?"

"சிலபேருக்குப் பிடிச்சது. அந்த மனிசி செய்தது சரியோ பிழையோ எண்டுதான் கதைச்சவை."

"அந்த மனிசியைப் பற்றி மட்டுமா?"

"வேற ஆரைப் பற்றி?"

பென்சிலை வைத்தாள். "அவவுக்கு ஒரு மகள் இருக்கெல்லோ. முழுப் புத்தகத்திலயும் த்ரீ பேஜஸ்தான் வாறாள். அவளும் அப்பாவுக்காக வெயிற் பண்ணினவள்தானே அம்மா. அவளை ஒருத்தரும் கேக்கேல்லை. நோபடி."

அந்த மகளை எனக்கு ஞாபகமே இல்லை. ஏரியையெல்லாம் அகராதி பார்த்து வாசித்திருந்தேன்.

"நீயெண்டால் என்ன செய்வாய்?"

"எனக்குத் தெரியாது. ஆனா ஆரும் கேட்டால் 'அப்பா மிஸ்ஸிங்' எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு." அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. பென்சிலை எடுத்துக் கணக்கைத் தொடர்ந்தாள். என்னை மாதிரியே வந்திருக்கிறாள். அந்த ஆறு வருடத்தில் தொட்டுப் பார்த்து எனக்கு வலித்த ஒரே இடம் அதுதான்.

தொலைபேசியை எடுத்தேன். "அகஸ்ரின், பேரைக் குடுங்கோ."

மறுமுனையில் அவர்தான் அழுதார்.

சனிக்கிழமை காலை கரோலினின் ஜக்கெற் சிப் கழன்று கையோடு வந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வெளியே காற்று கூவிக்கொண்டிருந்தது. அவள் வாசல் அலுமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பாவின்ரயைப் போடட்டா?"

நான் "ம்" என்றேன். உறையை அவளே கழற்றினாள். கை விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. ஜக்கெற் முழங்கால் வரை தொங்கியது.

கோவிலில் பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. தெரிந்த பெயர், தெரியாத பெயர், ஒரே வீட்டில் நாலு பெயர். நீக்கிலாஸ் என்று கேட்டபோது நான் எழும்பத்தான் நினைத்தேன். அகஸ்ரின் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் கரோலின் என் முழங்காலைத் தாண்டிப் போய்விட்டாள். அந்தப் பெரிய நீல முதுகு நடுவழியால் பீடத்தை நோக்கி நடந்துபோவதைப் பார்த்தேன். தோள் மட்டும் அவருடைய அளவில் இருந்தது. அவள் மெழுகுதிரியைச் சரித்துக் கொளுத்தும்போது, விரல்களை மூடி இறங்கிய ஜக்கெற் கையை அடிக்கடி மேலே இழுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ் காலியாக இருந்தது. அவள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். ஜக்கெற்றின் கைவிளிம்பில் மெழுகு சொட்டி, வெள்ளையாக உறைந்துபோய் இருந்தது. நான் அந்தக் கையை என் மடியில் எடுத்து வைத்து, நூல் இழுபடாமல் நகத்தால் மெதுவாகச் சுரண்டத் தொடங்கினேன்.